பின்னால் போகாத கார்

முதலில் முன் கண்ணாடி. அப்புறம் பானெட். அப்புறம் நான்கு கதவுகள். தன் பட்டறையில் தோல்பை தைத்தது போக மிஞ்சிய மெல்லிய ஆட்டுத்தோல் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து, கைக்குழந்தையின் முதுகைத் தேய்ப்பதுபோல இசக்கிதுரை அண்ணாச்சி தன் கருநீலக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் குழாயடிக்கு வருகிற பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. யாருடைய குடமாவது கதவில் இடித்தால் மட்டும் நிமிர்வார். "ஏ, பாத்துப் போங்கம்மா. கம்பெனி பெயிண்டு."

கம்பெனி பெயிண்ட்தான், அதில் சந்தேகமில்லை. ஏசி குளிர்கிறது. ரேடியோ பாடுகிறது. முன்னால் போவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பின்னால் மட்டும் போகாது.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிற தெரு எங்களுடையது. காரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் பின்னால் வந்தே ஆகவேண்டும். அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்து, ரிவர்ஸ் கியர் போடுவார். உடனே பின்பக்கத்திலிருந்து டிங் டிங் என்று ஒரு மியூசிக் கிளம்பும். அது பிரமாதமாக வேலை செய்கிறது. கார் அசையாது. எங்களுக்கு அது ஸ்கூல் மணி மாதிரி. ஸ்கூல் மணிக்கு ஓடாதவர்கள்கூட இதற்கு ஓடிப்போய் பானெட்டில் கைவைத்துத் தள்ளுவோம். அவர் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, கார் தானாகப் போகிற மாதிரி ஸ்டியரிங்கை ஒடிப்பார். "ஸ்டெடி, ஸ்டெடி... சாக்கடை இருக்குல்லா, மெல்லடே!" தள்ளி முடித்தால் தேங்க்ஸ் கிடையாது. தள்ளினோம் என்பதையே அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த மியூசிக்கை அச்சு அசலாக விசிலடிக்க எங்களில் ஒருவனுக்குத் தெரியும். அவன் அடித்தால், பூட்டிக் கிடக்கும் காரைத் தள்ள ஏழெட்டுப் பேர் ஓடிவந்து ஏமாறுவார்கள். யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

கார் வாங்கியது அவருக்காக அல்ல. அவர் மனைவி மாரீஸ்வரி அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மூட்டுவலிக்காரர். மகள் பிரேமலதாவைச் செம்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பேத்தி பிறந்ததும் அக்காவுக்கு வாராவாரம் செம்பூர் போகாமல் முடியவில்லை. சயானில் ட்ரெயின் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். ஒரு நாள் அந்தப் பாலத்தின் நடுவிலேயே அக்கா உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. அன்றைக்கு அண்ணாச்சி சொன்னாராம்: "இனி ஒன்ன இந்தப் பாலத்துல ஏத்தமாட்டேன் மாரி."

வாஷியில் ஒரு பழைய கார் ஷோரூம். சுற்றிலும் கண்ணாடி, உள்ளே சோபா. ஹிந்தியில் ஏமாற்ற வருவார்கள் என்று தயாராகப் போனவர், தமிழுக்குத் தயாராக இல்லை. டை கட்டிய சேல்ஸ்மேன் வெங்கி, "வாங்க அண்ணாச்சி, நம்ம வண்டிய நம்ம ஆளுக்கே குடுக்கணும்னு வச்சிருக்கேன்" என்றதும் அண்ணாச்சி பாதி விழுந்துவிட்டார். பாக்கிப் பாதியை ஏசி பார்த்துக்கொண்டது. அகல ரோட்டில் நேராக ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். வெண்ணெய் மாதிரிப் போனது.

டெலிவரி எடுத்த அன்று காருக்குப் பூமாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வெங்கி உள்ளே உட்கார்ந்து ரிவர்ஸ் போட, மியூசிக் வந்தது. "கேட்டீங்களா அண்ணாச்சி, ரிவர்ஸ் ஏ ஒன். எடுத்துக் காட்டவா?"

அண்ணாச்சி பதறிவிட்டார். "லேய், நிப்பாட்டு! பூச போட்ட வண்டிய மொத நாளு பின்னால எடுக்கப்பிடாது. பழத்து மேல முன்னாலதாம்ல ஏறணும்."

வெங்கி சட்டென்று கியரிலிருந்து கையை எடுத்தான். "கரெக்ட் அண்ணாச்சி. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவனுக்கு அப்போதே தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்வி என்னை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. மாரீஸ்வரி அக்கா பட்டுச்சேலையில் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. மியூசிக் பாடியது, பாடியது, பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில் முனைக்கடை மெக்கானிக் அப்ரார் பாயும் நாங்களுமாகத் தள்ளினோம். பானெட்டைப் பிடித்துத் தள்ளும்போது முன் கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தள்ள முடியாது. பாதித் தெருவில் அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "அத்தன பேரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தள்ளுதானுவ. நான் என்ன சப்பரத்துல வந்த சாமியா? ஓம்ம காருல நீரே போம்." பட்டுச்சேலையோடு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தார். அதன்பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே பேத்தியைப் பார்க்கத் தனித்தனியாகப் போகிறார்கள். அக்கா ட்ரெயினில். அண்ணாச்சி காரில். அவர் முன்னதாகவே போய்ச் செம்பூர் ஸ்டேஷன் வாசலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாராம். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடப்பாராம். கார் பின்னாலேயே மெல்ல உருண்டு வருமாம்.

புது இடம் எதற்காவது காரில் போக வேண்டுமென்றால், அண்ணாச்சி முந்தின நாளே ட்ரெயினில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நிறுத்த இடம் உண்டா, நிறுத்தினால் முன்பக்கமாகவே வெளியே வர வழி உண்டா என்று. "அதான் ட்ரெயின்லயே போயிட்டு வந்தாச்சே அண்ணாச்சி, பெறகு காரு எதுக்கு?" என்று கேட்டேன். "போறது வேற, பாக்கப் போறது வேறல" என்றார். எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

அப்ரார் பாய் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "பாய், கியர்பாக்ஸ நான் தொறந்து பாக்கறேன். காலி பீலி, சும்மா எதுக்கு டென்ஷன்?" அண்ணாச்சி காரைத் தொட விடமாட்டார். "கெடுத்தவன் சரி பண்ணட்டும்." கெடுத்தவனோ, வாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தான், கியர்பாக்ஸ் வேறு ஐட்டம் என்கிறான்.

அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி வாஷிக்குப் போவார். ஒரு தடவை நானும் தொற்றிக்கொண்டேன். சண்டை போடுவார் என்று ஆசையாக இருந்தது. அவர் சண்டையே போடவில்லை. ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு ஒரு சாண் தள்ளி காரின் மூக்கை வைத்து நிறுத்தினார். இறங்கினார். எதிர்ப்பக்க நிழலில் போய் நின்றுகொண்டார். வாட்ச்மேன் ஓடிவந்து, "பீச்சே லோ, பீச்சே லோ!" என்று பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினான். "அதுக்குத்தாம்ப்பா வந்திருக்கேன். நீயே எடு" என்று சாவியை நீட்டினார். உள்ளே வரவேண்டிய கஸ்டமர் ஒருவர் வெளியே நின்று, என்ன விஷயம் என்று விசாரிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். சோபாவைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் தள்ள வந்துவிட்டார்கள். வெங்கி டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு பானெட்டில் கைவைத்தான். பழகிய கை.

தள்ளி முடித்ததும் அண்ணாச்சி அவனுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக்கொடுத்தார். "வெயில்ல தள்ளியிருக்க, குடி." வெங்கி தலையை நிமிர்த்தாமல் குடித்தான். நான் மெல்லக் கேட்டேன்: "அன்னிக்கு எலுமிச்சம்பழம் வச்சப்போ உங்களுக்குத் தெரியுமா?" தோளுக்குப் பின்னால் கிடந்த டையை எடுத்து முன்னால் விட்டுக்கொண்டான். "சாய் ஆறுதுடா" என்றான்.

போன ஞாயிறு பேத்திக்குச் செம்பூர்க் கோயிலில் காதுகுத்து. ஹார்பர் லைனில் மெகா பிளாக், ட்ரெயின் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் ஆட்டோக்காரர்கள் நம்மைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பையன்கள் மொத்தமும் மாட்டுங்காவில் மேட்ச் ஆடப் போயிருந்தார்கள். கால் சுளுக்கிய நான் மட்டும் மேல்வீட்டு ஏணியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி ரிவர்ஸ் போட்டார். மியூசிக் பாடியது. யாரும் வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டார்.

மாரீஸ்வரி அக்கா வெளியே வந்தார். பட்டுச்சேலைக்கு மேல் பழைய துண்டு கட்டியிருந்தார். கடைசி வாளி மாவைக் கலக்கிக்கொண்டிருந்த கை, மணிக்கட்டு வரை வெள்ளை.

"நிப்பாட்டும் ஓம்ம மேளத்த. யாரு வருவான்னு அடிக்கீரு?"

"நீ உள்ள போ மாரி. மூட்டு..."

"மூட்டு இப்பத்தான் ஞாவகம் வருதோ? நியூட்ரல்ல போடும்."

இரண்டு கைகளையும் பானெட்டில் வைத்து அழுத்தினார். அப்ரார் பாய் ஓடிவந்து பக்கவாட்டில் தோள் கொடுத்தார். கார் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். வழக்கமாகக் கழுத்தைத் திருப்புகிற அண்ணாச்சி அன்றைக்குத் திருப்பவே இல்லை.

"என் மூஞ்சிய என்னத்தப் பாக்கீரு? பின்னால பாரும், சாக்கடை!"

ரோட்டுக்கு வந்ததும் அக்கா துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தார். பிறகு முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "போம். பிள்ள காத்துக்கிட்டிருக்கும்."

திங்கட்கிழமை காலை. முதலில் முன் கண்ணாடி. அப்புறம் பானெட். கருநீலத்தில் இரண்டு உள்ளங்கைகள், பத்து விரல்கள், வெயிலில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கின்றன. குடம் ஒன்று கதவில் இடிக்கிறது. அண்ணாச்சி நிமிரவில்லை. ஆட்டுத்தோலின் ஒரு முனையைக் கூராக மடித்துக்கொண்டு, விரலுக்கும் விரலுக்கும் நடுவே உள்ள இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.