காலால் வாசிக்கும் வாத்தியம்

ஒன்பது வயதில் எனக்கு ஓர்கன் ஆசை பிடித்தது. பிரெஞ்சு பேசும் வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த ஜேர்மன் கிழவர்தான் காரணம். இளம் வயதில் கப்பலேறி வந்தவர். மூன்று மெட்ரோ நிறுத்தம் தள்ளியிருந்த ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பதும், ஒருவரும் கேட்காத இசையை எழுதுவதுமே அவர் தொழில். எனக்குச் சொல்லித்தருகிறேன் என்றார். முதலில் தான் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் தேவாலயத்தின் மேல்தட்டில் ஓர்கன் இருந்த இடத்துக்கு எங்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். கையால் வாசித்த வரைக்கும் எல்லாம் சுகமாகத்தான் போனது. பிறகு கீழே வரிசையாக இருந்த கட்டைகளைக் காலால் மிதிக்கத் தொடங்கினார். அவற்றிலிருந்தும் நாதம் வந்தது.

"ஐயோ கோதாரி! சரஸ்வதியைக் காலால உழக்கிறாரடி!" என்றாள் அம்மா. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்ற வைப்பவள் அவள். "உந்தப் படிப்பு எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லு."

அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. கிழவருக்குத் தமிழ் வராது. நடுவில் நான். ஒன்பது வயதில் இப்படி ஓர் அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்! அம்மாவுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறாள் என்றேன். கிழவர் பூரித்துப்போய்த் தன் சப்பாத்தைக் காட்டினார். எனக்கும் ஒரு சோடி வேண்டுமாம். ஓர்கனுக்கென்றே வைத்திருப்பது, தெருவில் போடவே கூடாதாம். இதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வாசற்படியைப் பார்த்தாள். பனிச்சேறு அப்பிய அவருடைய தெருச் சப்பாத்து அங்கே கிடந்தது.

"அப்ப, கழட்டிப்போட்டுத்தான் ஏறுறார்," என்றாள். கோபம் பாதி இறங்கிவிட்டது. "ஊரைவிட்டு வரேக்க தன்ர வாத்தியத்தை என்ன செய்தவராம்? கேள்."

கேட்டேன். அது தன் ஊர்த் தேவாலயச் சுவரோடு சேர்த்துக் கட்டியது, யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்துபோனது என்றார். இப்போது வாசித்ததும் அந்த ஓர்கனுக்காக எழுதியதுதானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எரிந்துபோன சாமானுக்கு யாராவது பாட்டு எழுதுவார்களா? கிழவருக்குக் கொஞ்சம் விசர் என்று முடிவுகட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு," என்றாள். நின்றபடியே முழுவதையும் கேட்டாள். அவருடைய காலை அவள் பார்க்கவேயில்லை.

"சனிக்கிழமை வாறம் எண்டு சொல்லு."

திரும்பி வரும்போது மெட்ரோவில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் அம்மாவின் இடக்கை விரல்கள் கைப்பை வாரின்மேல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் அழுத்தி நின்று, நடுங்கி, மறுபடி ஓடின. அவள் ஊரில் எட்டு வருடம் வீணை படித்தவள் என்றும், இடம்பெயர்ந்த அன்று அதை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவள் என்றும் எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. பாவம், குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். அவளுடைய கோட்டுப் பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து, விரல் விரலாக நானே மாட்டிவிட்டேன்.

அம்மா கையைத் தந்தாள். இறங்கும்வரை அந்த விரல்கள் அசையவில்லை.