வடையில் கருஞ்சீரகம்

கழுவித் துடைத்த என் எவர்சில்வர் தூக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பௌதி என் வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தை மாதம், நன்றாக விடியக்கூட இல்லை. எதிரே சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு தெரியாத அளவுக்குப் பனி. தூக்குக்குள் ஒன்றுமில்லை. முந்தின நாள் அதில் முக்கால் அளவு இட்லி மாவு ஊற்றிக் கொடுத்திருந்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. அண்ணியை வங்காளிகள் பௌதி என்பார்கள். அங்கே எல்லோருக்கும் அவள் பௌதிதான். என்னை அவள் தீதி, அதாவது அக்கா என்பாள். நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் பல வருஷமாக அவள் அடுப்படிக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. மீன் வாடை ஒரு காரணம். இன்னொன்று, யார் வீட்டிலும் போய் ஒரு சிட்டிகை உப்பு கேட்டவள் இல்லை நான். என் கணக்கில் நாங்கள் இங்கே தங்க வந்தவர்கள். வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் ஊருக்கு மூட்டை கட்டிவிடுவோம். அதற்குள் யாரிடம் என்ன ஒட்டு?

அப்போதுதான் மகளுக்குத் திருச்சியிலிருந்து வரன் வந்தது. நல்ல இடம், விட்டுவிடக்கூடாது என்று வீட்டுக்காரருக்குத் தவிப்பு. வங்காளத்தில் வளர்ந்த பெண்ணுக்கு நம் வழக்கமெல்லாம் தெரியுமா என்று பையனின் அம்மா கேட்டுவிட்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வரட்டும், இம்மி பிசகாமல் இருக்கிறோமா இல்லையா என்று அவளே பார்க்கட்டும் என்று இருந்தேன். காலை வண்டியில் ஹவுராவில் வந்து இறங்குகிறவர்களுக்கு இட்லி என்று முடிவு செய்தேன்.

இங்கே குளிர்காலத்தில் மாவு பொங்காது. கம்பளி சுற்றி வைத்தாலும் போட்டது போட்டபடி கிடக்கும். பௌதி வீட்டில் அப்போது கரி அடுப்பு. அணைந்த பிறகும் விடியும்வரை கதகதப்பு இருக்கும். “கௌரவத்தை ஒரு நாள் பரண்ல போடும்மா. பௌதி அடுப்போரம் வெச்சா பொங்கிடும்” என்றாள் மகள். போனேன். எனக்குத் தெரிந்த வங்காளத்தில், இது இங்கே இருக்கட்டும், காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எதற்கென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவர்களும் பனிக்காலத்தில் உளுந்து அரைப்பார்கள். கருஞ்சீரகம் போட்டுச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்து வடகம் காயப்போடுவார்கள். அந்த மாவு புளித்தால் கொட்டவேண்டியதுதான். விடியுமுன்பே எழுந்து தூக்கைத் திறந்த பௌதி, மாவு நுரைத்துப் புளித்து நிற்பதைப் பார்த்திருக்கிறாள். தன் அடுப்புச் சூட்டில் கெட்டுவிட்டதென்று பயந்து அத்தனையையும் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். அதோடு விடவில்லை. தன் வடகத்துக்கு ஊறப்போட்டிருந்த உளுந்தை அந்தக் குளிரில் அம்மியில் அரைத்து ஒரு பித்தளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வாசற்படியில் வைத்திருந்தாள்.

“தீதி, உன் மாவைக் கெடுத்துட்டேன். இதை வெச்சுக்கோ” என்றாள். அவள் விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உப்புமா கிண்டிவிடலாமே என்றார் வீட்டுக்காரர். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு உப்புமாவா என்று அவரை ஸ்டேஷனுக்கு விரட்டினேன். மாவைத் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் அரைத்தும் அப்படி வந்ததில்லை. பொங்கல் ஏற்றிவிட்டு வடைக்கு எண்ணெய் வைத்தேன். பௌதியும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தாள். நடுவில் எதற்கு ஓட்டை என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மாவில் கலந்திருந்த கருஞ்சீரகத்தை மட்டும் எடுக்க வழியில்லை.

பையனின் அம்மா வடையைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கருஞ்சீரகமா? நம்ம பக்கத்துல வடைக்கு யாரும் போட மாட்டாங்களே.”

மகள் என்னைப் பார்த்தாள். அடுப்படிக் கதவோரம் பௌதி நின்றிருந்தாள். பாஷை தெரியாவிட்டாலும் ஏதோ குறை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி போட்டது, எங்களுக்கு அந்தப் பழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இங்க நாங்க போடுவோம்” என்றேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, மொறுமொறுவென்றுதான் இருக்கிறது என்று இன்னொன்று எடுத்துக்கொண்டாள். சம்பந்தம் முடிந்தது. வடையால் முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது.

புளிக்கத்தான் வைத்தேன் என்று ஒரு வாரம் கழித்து பௌதியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது மகனோடு கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் இருக்கிறாள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். நான் இதே சாந்த்ராகாச்சியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சின்ன வீடொன்றில் இருக்கிறேன்.

அவர் ரிட்டையர் ஆன அன்று கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல், “எப்ப டிக்கெட் எடுக்கட்டும்?” என்று கேட்டார்.

“எங்க போறதுக்கு?” என்றேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்.