ஐந்து வயதில் பெரிய பிள்ளை

டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தாய்மாருக்குத் தமிழில் சொல்கிற தாதிக்கு, சொல்லி முடிக்கும்வரை எந்தச் சொல் எங்கே குத்துமோ என்ற பயம்தான். பதுளைப் பக்கம் இந்த வேலை பார்க்கும் சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சடங்குப் பேச்சு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகேஸ்வரி தன் மகள் நிலானியைக் கூட்டி வந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது. அதற்குள் உதிரம் பட்டுவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் சடங்கு வைக்கச் சொல்கிறார்களாம். மகேஸ்வரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இன்னும் பல்லே விழல மிஸ். இவளுக்கு எப்படிங்க சேல கட்டிவிடுறது?"

ஸ்கேன் வந்த நாள்

மூளைக்கு அடியில் சின்னக் கட்டி, அதுதான் பிள்ளையை இந்த வயதிலேயே பெரியவளாக்குகிறது. புற்றுநோய் இல்லை, பிறக்கும்போதே இருந்தது, யார் மேலும் தப்பில்லை என்றார் டொக்டர். நான் 'கட்டி' என்றதுமே மகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் ஏறவில்லை. "மாசமா இருக்கையில மருந்தடிச்ச மலையில நின்னு கொழுந்தெடுத்தேன். அதனாலயா மிஸ்?"

மரபணு

இப்படியான கட்டிகளை வெளிநாடுகளில் ஆராய்கிறார்களாம். உள்ளே எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்களாம். டொக்டர் சொன்ன அதை நான் தமிழில் சொன்னதும் மகேஸ்வரியின் முகம் கறுத்தது. "அப்ப வம்சத்துச் சீக்கா? சின்னவளுக்கும் வருமா?" எனக்கே தெரியவில்லை, டொக்டரிடம் கேட்டேன். பெரும்பாலும் பரம்பரையாக வராது, வயசுக்கு வரச்சொல்லும் மரபணுக்கள் எல்லார் உடம்பிலும் உண்டு, இந்தக் கட்டிக்குள் அவை நேரத்துக்கு முன்பே முழித்துக்கொண்டிருக்கலாம் என்றார். மகேஸ்வரி கேட்டாள்: "காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடுறதுக்கு முன்னாடியே மலைக்கு ஏறிட்ட மாதிரியா?"

மாதாந்த ஊசி

மாதாமாதம் ஊசி போட்டு உடம்பின் அவசரத்தை அடக்கவேண்டும். மழையில் பாதை சரிந்தால் அந்தப் பக்கத்து பஸ் வராது. ஊசி தவறிவிடுமோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை கிளினிக் முடியும் நேரத்தில் தாயும் மகளும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். பாதி வழி நடந்தே வந்திருக்கிறார்கள். திட்ட வாயெடுத்த என்னை மகேஸ்வரி முந்திக்கொண்டாள்: "மருந்து தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிறாதீங்க மிஸ்."

வகுப்பில்

உதிரம் திரும்பவில்லை, வளர்த்தியும் நிதானத்துக்கு வந்தது. இரண்டாம் வகுப்புக்குப் போன நிலானி, ஊசி போட்ட கையைத் தடவியபடி சொன்னாள்: "இப்ப எல்லாரும் என்னைய மாதிரியே வளந்துட்டாங்க மிஸ். ஒசரம்னு பின்னாடி வச்ச டீச்சர் என்னைய முன் வாங்குல உக்கார வச்சிட்டாங்க!"

உடம்பைப் பொறுக்கச் சொல்ல ஊசி இருக்கிறது. 'என்னாலயா' என்று கேட்கும் தாயைப் பொறுக்கச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையும் போதவில்லை.