மஞ்சள் துணியில் பதினொரு முடிச்சு

என் கையில் காசு நிற்காது என்பது நான் ஏழாம் ஆண்டு படிக்கும்போதே எங்கள் வீட்டில் முடிவாகிவிட்ட விஷயம். பாண் வாங்க நூறு ரூபாயோடு கடைக்கு அனுப்பினால் பாண் வரும், மிச்சக் காசு வராது. அதற்குப் பதிலாக ஒரு தலைக் கிளிப்போ ஒரு பைக்கற் மிக்சரோ என்னோடு வீட்டுக்கு வரும். பதினாறு வயதில் கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடும் பழக்கமும் இதோடு சேர்ந்துகொண்டது. ரியூசன் முடிந்து வரும் வழியில் ஒரு ரோல்ஸ், வெயிலுக்கு ஒரு சர்பத், சிநேகிதி யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு சோடிக் காப்பு. எதையும் நான் செலவு என்று நினைத்ததில்லை. எல்லாமே சின்னச் சின்ன விஷயம். சின்ன விஷயம் என்பதால்தான் ஒன்றைக்கூட என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்கள் அவை. உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு கிடையாது, பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். காலையில் பருத்தித்துறைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் எங்கள் ஊர் நீர்வேலிக்கு வரும்போதே மிதிபலகையில் ஆட்கள் தொங்குவார்கள். பாதி பஸ் நிற்காமலே போய்விடும். சைக்கிள் ஒன்று இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அப்பாவுக்கு இருந்தது வாழைத்தோட்டம், அந்தக் கார்த்திகையில் அடித்த காற்று குலை போட்ட மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டிருந்தது. பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன். அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"அரைவாசியை நீ சேர். மிச்சத்தை நான் போடுறன். வருசப் பிறப்புக்குப் பிறகு கேப்பன். இல்லையெண்டால் இஞ்சை இருக்கிற பாடத்தைப் படி."

பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "உன்ரை கையிலை ஆறாயிரம் நிண்டால் நான் மொட்டை அடிக்கிறன்" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காசு உழைக்க வழி இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேரைப் பின்னேரத்தில் வீட்டுக்கு வரச் சொல்லிப் படிப்பித்தேன். ஒரு பிள்ளைக்கு மாதம் நானூறு. தாய்மார் ஒரே நாளில் தரமாட்டார்கள், ஒருவர் மாதத் தொடக்கத்தில், ஒருவர் நடுவில், ஒருவர் நான் மறந்துபோன பிறகு. கைக்கு வருவது பிரச்சினையாக இல்லை. வந்தது மறுநாள் இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை. முதலில் ஒரு மண் உண்டியல் வாங்கினேன். கவிழ்த்துப் பிடித்துக் கிளிப்பை விட்டுக் கிண்டினால் தாள் எப்படி வெளியே வரும் என்பதை இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். பிறகு காசை அம்மாவின் அலுமாரி லாச்சியில் வைக்கக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கெஞ்சித் திருப்பி வாங்கினேன். அம்மா இளகிய மனம் உள்ளவள், இரண்டாம் தரம் கேட்டால் தந்துவிடுவாள்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. பாக்களவு இருக்கும். சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நடையாய் நடந்தாள், ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. கேட்டால், "உது சும்மா ஒரு கட்டி" என்பாள். அம்மா சும்மா என்று சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நம்பிவிட்டுச் சைக்கிளைப் பற்றி யோசித்தேன்.

எங்கள் சாமியறைச் சுவரில், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஓர் ஆணி இருந்தது. தம்பிக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து மூன்று நாள் இறங்காமல் இருந்தபோது அம்மா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து அந்த ஆணியில்தான் கட்டினாள். நேர்த்திக்காசு. சுகமானதும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போடும்வரை அது அங்கே தொங்கியது. அப்பா பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் வீடு முழுக்கத் தேடிய நாட்களிலும் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை. நானுங்கூடத்தான். மண் உண்டியலைக் கிண்டிய இந்தக் கை, கண்ணுக்கு முன்னால் தொங்கிய காசைத் தொடவில்லை. முடிந்த காசு சாமியின் காசு, தொட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது நினைவுக்கு வந்தபோது எனக்கு என் புத்தியில் பெருமையாக இருந்தது. அடுத்த நானூறு ரூபாய் வந்ததும் மஞ்சள் துணியில் சின்னத் துண்டு வெட்டி, தாள்களை மடித்து உள்ளே வைத்து, இறுக்கி முடிந்து ஆணியில் கட்டினேன். பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன், கடைக்காரனிடம் பையை வைத்துவிட்டுப் போகும்போது சொல்வதைப் போல. நான் எதற்கும் நேர்த்தி வைக்கவில்லை, ஆகையால் இது நேர்த்திக்காசு இல்லை, சாமியிடம் பயத்தை மட்டுந்தான் கடன் வாங்கியிருக்கிறேன் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்.

பயம் வேலை செய்தது. நினைத்ததைவிட நன்றாகவே செய்தது. ரீலோட் முடிந்துபோகும், சாமியறை வாசல்வரை போவேன், முடிச்சைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். சிநேகிதிகள் பட்டணத்துக் கிறீம் ஹவுசுக்கு ஐஸ்கிறீம் குடிக்கக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றேன். அந்தப் பின்னேரம் முழுக்க ஆத்திரத்தோடு இருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலையில் இது இல்லாவிட்டால் முடியாது என்று நெஞ்சு அடித்துக்கொண்ட பொருள் எது என்று விளக்கு வைக்கும் நேரத்தில் யோசித்தால் சில நாட்களில் நினைவுக்கே வராது. ஆசைக்கு இவ்வளவுதான் ஆயுள் என்பது எனக்குப் புதிய செய்தி. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இதற்காகத்தானா நான் உண்டியலைக் கிண்டினேன்?

அம்மா ஆணியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் விளக்கு வைப்பவள் அவள். முடிச்சுகள் இரண்டாகி, நாலாகி, ஏழானபோதும் அவள் ஒரு சொல் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்க்கும் விதந்தான் மாறியிருந்தது. இரவில் சோறு போடும்போது எனக்கு ஒரு பொரியல் கூட வைப்பாள். நான் அதற்குக் காரணம் தேடவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து பிள்ளைகளின் காசும் பத்து முடிச்சானது. கனடாவிலிருந்து வந்த மாமா போகும்போது கையில் வைத்த இரண்டாயிரம் பதினோராவது முடிச்சானது. ஆறாயிரம். வருடப் பிறப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவிழ்க்கும்போது அப்பாவும் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டேன்.

அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் வாசிகசாலைக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போய் வந்த சேலை மாற்றாமல் குசினியில் நின்றாள். தட்டில் மோதகம் இருந்தது. என்னைக் கண்டதும் வந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"ரிப்போட் வந்திட்டுது பிள்ளை. ஒண்டுமில்லையாம். பயப்பிடுற கட்டி இல்லையாம்."

நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியாலை நேரை வீட்டை வந்து, உன்ரை முடிச்செல்லாத்தையும் எடுத்துக்கொண்டு பிள்ளையாரிட்டைப் போனனான். நீ வரட்டும் எண்டு பொறுக்க ஏலாமல் போச்சு. ஒண்டையும் அவிழ்க்கேல்லை, அப்பிடியே உண்டியலிலை போட்டிட்டன். அது உனக்கும் சாமிக்கும் உள்ள விசயம்."

நான் சாமியறையைத் திரும்பிப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"நான் முதல் கிளினிக்குப் போன கிழமைதான் நீ முதல் முடிச்சுக் கட்டினனி," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும். நேர்த்தியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது எண்டு நீயும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. ரியூசன் காசிலை பத்து இருவது எண்டு முடிஞ்சிருப்பாய். பாத்துப் பாத்துத்தான் நான் நித்திரை கொண்டனான்."

அவள் அழுதாள். அம்மா அழுது நான் அதற்கு முதல் கண்டதில்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய கழுத்துக் கட்டி என் கன்னத்தில் முட்டியது. அத்தனை மாதத்தில் அதை நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. பதினொரு தரம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஒரு தரமாவது அம்மாவுக்காக ஒரு சொல் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். கேட்டிருக்கவில்லை. காசு போனதற்காக அழுகை வரவில்லை. வெட்கத்தில் வந்தது. அம்மா அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டு என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வருடப் பிறப்பு முடிந்து மூன்றாம் நாள் அப்பா கேட்டார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன மாதிரி? ஆறாயிரம் இருக்கோ?"

ஒரு வசனம் போதும். சொன்னால் அப்பா என்னை நம்புவார், ஏன், கோயில் ஐயாவைக்கூடப் போய்க் கேட்பார். ஆனால் அம்மா எனக்கு எதிரே கதிரையில் இருந்து, என் சோற்றுக்குப் பருப்பு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை அப்பா."

"எவ்வளவு இருக்கு?"

"ஒண்டும் இல்லை. செலவழிஞ்சு போச்சு."

"உது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் அப்பா. கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். எதிர்பார்த்த ஒன்று நடந்ததுபோல் அவர் சோற்றைப் பிசைந்தார். அம்மாதான் எனக்காகப் பேசினாள்.

"விடுங்கோ. சின்னப்பிள்ளைதானே. பஸ்ஸிலை போய்ப் படிக்கட்டும்."

"ஒரு தவணை பாப்பம். பிந்தி வாறாள் எண்டு பள்ளிக்கூடத்திலையிருந்து ஒரு சொல்லு வந்தால் அண்டையோடை சரி."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சதமும் வீணாக்காமல் சேர்த்த பிறகு, ஊதாரி என்ற பெயரை நானே வாங்கிக்கொண்டேன். அநியாயம் என்று உள்ளே கொதித்தது. ஆனால் அந்தக் கொதிப்போடுதான் அடுத்த எட்டு மாதமும் ஓடியது. இருட்டோடு எழும்பி, எங்கள் தரிப்பிடத்தில் நிற்காமல், பஸ் கொஞ்சம் காலியாக வரும் முந்தைய தரிப்பிடம்வரை நடந்துபோய் ஏறினேன். பிந்தியது இரண்டே நாள். இரண்டு நாளும் வகுப்பாசிரியை என்னை வாசலில் நிற்கவிட்டதோடு விட்டுவிட்டார். பின்னேரங்களில் படிப்பித்தேன். இந்த முறை காசை ஒரு பால்மாப் பேணியில் போட்டுப் படிக்கும் மேசையில் வைத்தேன். அதற்கு மூடியே இல்லை. மஞ்சள் துணியைத் தேட மனம் வரவில்லை. பயமுறுத்த யாரும் இல்லாத காசு, கைக்கெட்டும் தூரத்தில், நான் பள்ளிக்கூடக் கணக்குச் செய்யும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நான் எடுக்கவில்லை. சில நாள் எடுத்தேன், எடுத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டேன்.

மார்கழியில் பேணியை அப்பாவுக்கு முன்னால் வைத்தபோது அவர் இரண்டு தரம் எண்ணினார். பிறகு தலையைத் தடவிக்கொண்டார். மொட்டை அடிக்கவில்லை, ஆனால் அடுத்த நாளே கோப்பாய்க்குப் போய் பச்சை நிறச் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பெல் வேலை செய்யாது. அதில்தான் கணிதம் படித்து முடித்தேன்.

"எப்பிடித் திருந்தினனி?" என்று ஒருநாள் கேட்டார். சும்மா என்றேன்.

இப்போது நான் கணிதம் படிப்பிக்கிறேன். சம்பளம் வருகிறது, கையில் நிற்கிறது. அம்மா மட்டும் அந்தப் பதினொரு முடிச்சை விடவில்லை. வீட்டுக்கு வருபவர்களிடம், வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுப்பவர்களிடம், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். கூச்சம் என்று அவர்கள் நினைப்பார்கள்.

போன மாதம் அம்மாவுக்குத் திரும்பவும் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. திரும்பவும் ஊசி, திரும்பவும் காத்திருப்பு. இந்த முறை நான் கிளினிக்குக்கு அவளோடு போனேன், கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்று, என்ன வேண்டும் என்று சொல்லிக் கேட்டேன். நெடுநேரம் கேட்டேன். பழைய ஆணியில் கட்டினேன்.

பின்னேரம் விளக்கு வைக்க வந்த அம்மா ஆணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"படிக்கிற காலத்திலை பதினொண்டு. இப்ப உழைக்கிறாய், ஒண்டுதானோ? நல்லா மிச்சம் பிடிக்கப் பழகிட்டாய்."

நானும் சிரித்தேன். இதுதான் முதலாவது என்று அவளிடம் சொல்லவில்லை.