வயதுக்குத் திரும்பாத கர்ஸர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் முன்னறையில் நடந்த மென்பொருள் கம்பெனியில் எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். ஐந்தரை மாதம் ஓடிவிட்டது. டெமோ சரியாக வந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் ஊருக்கு பஸ். என்னை பஸ் ஏற்றிவிடும் ஆவலில் இருந்தவர் டீம் லீடர் அம்மணி, அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவரைப் பார்த்தாலே எனக்கும் பல் நறநறக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சமமான தகுதி உடையவர்கள்.

டெமோவுக்காக நான் எழுதியது ஒரு நர்ஸிங் ஹோமுக்கான நோயாளிப் பதிவுத் திரை. வயதைத் தப்பாக அடித்தால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து கண்டிக்கும். அது மூடியதும், கண் சிமிட்டும் கர்ஸர் மறுபடி வயதில் வந்து நிற்க வேண்டும். என்னுடையதோ திரையின் இடது மேல்மூலைக்கு ஓடிப்போய்ப் பதுங்கியது.

அம்மணி எட்டிப் பார்த்தார். "கர்ஸர் எங்க இருக்குன்னு ப்ரோக்ராம்ல எப்ப மேன் கேட்டே?"

"பெட்டியத் திறந்தப்புறம், மேடம்."

"பொட்டிக்குள்ள போயி கேட்டா அது பொட்டி கணக்குலதான் சொல்லும், ஒண்ணாவது வரி, ஒண்ணாவது எழுத்துன்னு. இந்த ஊர்ல ஏரியாவ ஸ்டேஜ் ஸ்டேஜா பிரிச்சு வெச்சிருக்கான், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நாலாவது கிராஸ்னு ஒரு குறுக்குத் தெரு இருக்கு. ஸ்டேஜைச் சொல்லாம கிராஸை மட்டும் சொன்னா ஆட்டோக்காரன் உன்ன எங்க எறக்குவான்? திறக்கறதுக்கு முன்னாடி கேட்டு வெச்சுக்க."

சரியான யோசனை. அவர் சொன்னது என்பதால் மட்டுமே நிராகரித்தேன். கிடைத்த எண்ணோடு பெட்டி திறக்கும் மூலையின் எண்ணைக் கூட்டினேன். கர்ஸர் வயதில் வந்து நின்றது. பெட்டியின் மூலை சரியாக வயதின் மேலேயே விழுந்ததால் வந்த அதிர்ஷ்டம் அது. திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

டெமோவில் நர்ஸிங் ஹோம் டாக்டரம்மா வயது 340 என்று அடித்தார். பெட்டி கண்டித்து மூடியது, கர்ஸர் திரும்பியது. அம்மணியை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

"இந்தப் பொட்டி வயச மறைக்குதே. ரெண்டு வரி கீழ தள்ள முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"ஓ, இப்பவே," என்றார் அம்மணி, தேனாக. என் பக்கம் திரும்பியபோது தேன் இல்லை.

தள்ளினேன். டாக்டரம்மா மறுபடி 340 அடித்தார். பெட்டி மூடியதும் திரையைப் பார்க்காமலே 34 என்று திருத்தினார். அது கணவர் பெயர் என்ற இடத்தில் போய் விழுந்தது.

"பேரு புதுசா இருக்கே," என்றார்.

அவர் போனதும் முதலாளி, "இவரை என்ன பண்ணலாம்?" என்று, நான் அங்கே இல்லாததுபோல் அம்மணியைக் கேட்டார்.

"வெச்சுக்கலாம் சார். ஆனா ஸ்கிரீன் பக்கம் விடாதீங்க. பிரின்டர் ரிப்போர்ட் குடுங்க. பேப்பர் மேல பாத்துதான் போவும், எங்கயும் திரும்பி வர வேணாம்."

வேலை தப்பியது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லவைத்ததற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.