ஏழாம் வீட்டிலை செவ்வாயும் சனியும்

எங்கடை தீவுப்பக்கத்திலை சாதகம் பார்க்கிற சாத்திரியாருக்குத்தான் முதல் கதிரை தருவினம்; கலியாணம் குழம்பினால் அதே கதிரையைத் தூக்கி எறியவும் யோசிக்க மாட்டினம். பிள்ளையின்ரை குறிப்பை நாலாய் மடிச்சுக்கொண்டு படலை படலையாய் ஏறி இறங்கின ஆக்கள்தானே நீங்கள், அந்தக் கதிரையிலை இருக்கிற என்ரை பாடும் உங்களுக்கு விளங்கும். நான் இருக்கிறது ஊர்காவற்றுறையிலை, மற்றத் தீவுகளுக்குப் போட் வெளிக்கிடுற இறங்குதுறைக்குக் கிட்ட.

போட் வெளிக்கிட முதல்

எழுவைதீவிலையிருந்து ஒருத்தர் மகன்ரை குறிப்போடை வந்தார். சூரியனும் ராகுவும் ஒரே வீட்டிலை. கிரகங்கள் கூடி இருந்தால் பார்த்த உடனை பலன் சொல்ல ஏலாது. ஆருக்குப் பலம் கூட, எத்தினை பாகை இடைவெளி, எந்த வீடு எண்டு எல்லாம் பார்க்கவேணும். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினால், மனுசன் நிண்டபடி கைமணிக்கூட்டைப் பார்க்கிறார். இருங்கோ எண்டன், இருக்கேல்லை.

"கிரகம் ரெண்டும் எங்கையும் போகாது சாத்திரியார், போட்தான் விட்டிட்டுப் போயிடும். நல்லதோ கூடாதோ, ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

ஒரு வீடுதானே

கனடாவிலையிருந்து ஒரு தகப்பன் வீடியோவிலை வந்தார். மகளுக்கு எட்டாம் வீட்டிலை செவ்வாயும் கேதுவும். செவ்வாய்க் குற்றம் எண்டு வாற மாப்பிள்ளை எல்லாம் திரும்பிப் போகினமாம். அந்தச் செவ்வாயைப் பக்கத்து வீட்டிலை தூக்கி வைச்சுப் புதுக்குறிப்பு ஒண்டு எழுதித் தரட்டாம். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருசமாய் ஒரு கிரகத்தையும் நான் இடம் மாத்தி வைச்சதில்லை, உந்தக் கதையோடை இந்தப் பக்கம் வராதையும் எண்டு நல்லாய் ஏசிப்போட்டன். ஆளுக்குச் சிரிப்பு.

"நான் இஞ்சை வந்து அஞ்சு வீடு மாறிட்டன் சாத்திரியார், உந்தச் செவ்வாய் ஒரு வீடு மாறினால் என்ன?"

எனக்கு இருக்கிறது ஒரு மகன்

அனலைதீவு நிரோஜினி ரீச்சரும் அவவோடை படிப்பிக்கிற கணக்கு வாத்தியாரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவை. பெடியன்ரை தாய் பொருத்தம் பார்க்க ரெண்டு பேரின்ரை பிறந்த நேரத்தையும் கொண்டு வந்தா. நிரோஜினிக்குப் பொழுதுபட்டு ஏழு நாற்பது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருந்த காலம் அது. பஞ்சாங்கக் கணக்குப் பழைய நேரத்துக்கு. அதாலை, அந்தக் காலத்துப் பிள்ளையள் எண்டால் அரை மணித்தியாலம் கழிக்கிறது எனக்குக் கைப்பழக்கம். கழிச்சன். ஏழு பத்து, கன்னி லக்கினம்.

அதுக்கு ஏழாம் வீட்டிலை செவ்வாயும் சனியும் ஒட்டிக்கொண்டு இருக்கினம். ஏழு எண்டால் புருசன்ரை வீடு. இவை ரெண்டு பேரும் அங்கை கூடினால் கட்டுறவனுக்கு ஆகாது எண்டு பட்டெண்டு சொல்லிப்போட்டன். கொஞ்சம் ஆறப்போட்டுச் சொல்லியிருக்கலாம். தாய் கடதாசியை மடிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சா.

"நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் எனக்கு இருக்கிறது ஒரு மகன்."

சவுக்காரப் பெட்டி மட்டை

என்ரை சொல் போட்டை முந்திக்கொண்டு அனலைதீவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. அதுக்குப் பிறகு வந்த சம்பந்தம் மூண்டும் சாத்திரியார் சொன்னவராம் எண்டே குழம்பினது. போன ஆவணியிலை அந்தப் பெடியன் வேறை இடத்திலை கட்டியிட்டான். அதுக்குப் பிறகுதான் நிரோஜினியின்ரை தாய் என்னட்டை வந்தா. ஒரு சவுக்காரப் பெட்டி மட்டையை நீட்டினா. பிள்ளை பிறந்த உடனை தகப்பன் எழுதி வைச்ச மட்டை. அடுத்த மாசம் சண்டையிலை செல் விழுந்து அவர் போயிட்டார். சண்டைக்காலப் பதட்டத்திலை மனுசன் நேரத்தைப் பிழையாய் எழுதிப்போட்டாரோ எண்டுதான் இப்ப அவவுக்கு ஓயாத யோசினை.

ஏழு நாற்பது எண்டு பென்சிலாலை வடிவாய் எழுதியிருந்தது. அதுக்குக் கீழை, மல்லாவி; அப்ப அரசாங்கத்தின்ரை சொல் எடுபடாமல் புலியளின்ரை கையிலை இருந்த வன்னி ஊர். அனலைதீவுப் பிள்ளை அனலைதீவிலைதான் பிறந்திருக்கும் எண்டு நானே முடிவு கட்டினனான், ஒருத்தரையும் கேக்கேல்லை. இடம்பெயர்ந்து வன்னியிலையோ இருந்தனீங்கள், அங்கை மணிக்கூட்டிலை எந்த நேரம் எண்டு கேட்டன்.

"அங்கை ஆர் மணிக்கூட்டைத் திருப்பினது? எங்களுக்குப் பழைய நேரம்தானே."

அப்பா எழுதினது

கழிக்காமல் பார்த்தால் துலா லக்கினம். செவ்வாயும் சனியும் ஆறிலை. ஆறு எதிரியை வெல்லுற இடம், அங்கை செவ்வாய்க் குற்றம் எண்ட கதையே இல்லை. கனடாக்காரனுக்கு வீறாப்புக் கதைச்ச நான், ஒருத்தரும் கேளாமலே ரெண்டு கிரகத்தை ஒரு வீடு தள்ளி வைச்சிருக்கிறன். திருப்பிக் கணிச்சுச் சொல்லுறன் எண்டு தாயை அனுப்பிப்போட்டு அடுத்த நாள் நான் போட் ஏறினனான்.

பள்ளிக்கூட வாசலிலை வைச்சு நிரோஜினியிட்டை எல்லாத்தையும் சொன்னன். உள்ளுக்கை அந்தக் கணக்கு வாத்தியார் வாய்பாடு சொல்லிக் குடுக்கிற சத்தம் கேட்டது. "ஆறு கூடாதோ?" எண்டு கேட்டா. "இல்லைப் பிள்ளை, நல்லம். உம்மடை சாதகத்திலை ஒரு பிழையும் இல்லை, பிழை என்ரை" எண்டன். மன்னிச்சுக்கொள்ளும் எண்டும் கேட்டன். கையிலை இருந்த சோக்குத் தூளைத் தட்டினா.

"அப்பா சரியாய்த்தான் எழுதினவர் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. மிச்சத்தைச் சொல்லாதேங்கோ."

நேரம் பார்த்துச் சொல்லுறது எங்கடை தொழில், பாருங்கோ. அது எந்த மணிக்கூட்டு நேரம் எண்டு கேட்கத்தான் எங்களுக்கு நேரம் இல்லை.