எண்பதைத் தொட்டால் வரும் நடுக்கம்

அழகையா அண்ணனுக்குக் கை நடுங்குகிறது என்று இலங்கை மலைநாட்டு அட்டன் கடைத்தெருவில் முதலில் சொன்னது யார் என்று கேட்டால் இன்றைக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறக்கிறேன். சொன்னவன் நான்தான். அவர் கையில் தேத்தண்ணிக் கிளாஸ் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் முத்துலிங்கம் முதலாளியின் துணிக்கடை ஆட்கள். நான் உள்ளே துணி கிழித்தேன், அவர் வெளியே ஜீப் ஓட்டினார். அதற்கு முன் பதினெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்து லொறியில் கொழுந்து ஏற்றியவர். அந்த லொறி மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. ஓடுவதற்கு ரோடும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் முதலாளி, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைக் கொழும்பில் வாங்கிவந்தார். கிழமைக்கு ஒருமுறை, வியாழன்தோறும், அவரும் அண்ணனும் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய்ச் சரக்கு எடுப்பார்கள். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆயுதபூசை முடிந்த கிழமையில் தொடங்கியது வினை. அவிசாவளை தாண்டி, ரோடு நேராகி, வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் அவர் கையில் உதறியது. போதாததற்கு கினிகத்தேனை இறக்கத்தில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

முதலாளியோ வண்டி ஏறியதும் குறட்டை விடுகிற மனிதர். அண்ணன் பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டு அவரை எழுப்புவார்.

"முதலாளி, பாருங்க, எப்புடி ஒதறுது!"

முதலாளி கண்ணைத் திறக்கும்போது ஸ்டியரிங் பேசாமல் இருக்கும்.

"என்னத்தய்யா ஒதறுது? ஒங் கைதான் ஒதறுது."

அட்டன் மெக்கானிக் ஜீப்பை நோட்டன் பிரிட்ஜ் வரை ஓட்டிப் பார்த்தார். அந்த வளைவுகளில் நாற்பது போனாலே புண்ணியம். உதறல் இல்லை. கராஜ் தரையில் விளக்கும் எரியவில்லை. "வண்டி தங்கம். டிரைவரத்தான் பாக்கணும்" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் குழம்பிப் போனார். சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அவர் கையாலேயே பூசை போட்ட வண்டி. அப்படிப்பட்ட வண்டிக்குக் கோளாறு வருமா? வராது. அப்படியென்றால் கோளாறு தன்னிடம். நடுக்கம் கையில், விளக்கு கண்ணில். அவருடைய அப்பாவுக்கும் ஐம்பது தாண்டியதும் கை நடுங்கி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாமல் போய், தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொன்று. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் கையை நீட்டச் சொன்னபோது அது ஆடத்தான் செய்தது. அவ்வளவு பயத்தோடு நீட்டினால் யார் கை ஆடாது? அவர் மனைவி மனோரஞ்சிதம் அக்கா தேத்தண்ணியை அரைக் கிளாசாக ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினார், சிந்தக்கூடாதென்று.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் சாவியை முதலாளி மேசையில் வைத்தார்.

"யாரையாச்சும் கொன்னுட்டு நிக்க வேணாம், முதலாளி."

அன்றிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சேலை மடித்தார். நான் அவர் பக்கம் திரும்பாமல் துணி கிழித்தேன்.

புது டிரைவர் ஜனார்த்தனன், கொத்மலைக்காரன். வியாழக்கிழமை தனியாகவே கொழும்பு போய்ச் சரக்கோடு திரும்பியவன் ஜீப்பை நிறுத்திய கையோடு கடைக்குள் வந்து கத்தினான்.

"முதலாளி, என்ன வண்டி இது? அவிசாவள தாண்டி எண்பது புடிச்சேன், பேய் புடிச்ச மாதிரி ஒதறுது! எறக்கத்துல செவப்பு லைட்டு வேற!"

அண்ணன் மடியிலிருந்த சேலை சரிய எழுந்தார்.

"எண்பதுலயா?"

"ஆமாண்ணே."

"கொறச்சா நின்னுடுதா?"

"நின்னுடுதுண்ணே."

அண்ணன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி பழுதென்றதும் இப்படிச் சந்தோஷப்படுகிற டிரைவரைச் சேலை எடுக்க வந்த பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

மறுநாள் எல்லோருமாக அவிசாவளை டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், "விளிம்பில் இருந்த ஈயத் துண்டுகள் எங்கே? நெம்பி எடுத்த தடம் இருக்கிறதே." சக்கரத்தின் எடையைச் சமமாக்க வைப்பவையாம் அவை. இல்லாவிட்டால் மெதுவாக ஓடும்போது தெரியாது, வேகத்தில் உதறுமாம். விளக்குக்கும் விடை கிடைத்தது. பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. இறக்கத்தில் வண்டி முன்பக்கம் சாயும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி விளக்கு எரியும், சமதரையில் அணைந்துவிடும்.

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"பூசைக்கு வீல கழுவுறப்ப சந்தனம் வைக்க எடைஞ்சலா கட்டி கட்டியா இருந்திச்சு. நாந்தான் ஸ்குரூ டிரைவரால நெம்பிப் போட்டேன். நம்ம லொறியில அப்புடி ஒண்ணுமே இல்லியே! வீட்டுல சாமி படத்துக்குக் கீழ டின்னுல இருக்கு."

முதலாளி திட்டித் தீர்த்தார். புது ஈயம் அடித்து, எண்ணெய் ஊற்றியதும் ஜனார்த்தனன் சாவியை அண்ணன் கையில் திணித்தான். அண்ணன் எண்பத்தைந்தில் ஓட்டினார். ஸ்டியரிங் அசையவில்லை. முதலாளி அன்றைக்கு மட்டும் தூங்கவில்லை.

திரும்பி வந்து நானும் அண்ணனும் தோட்டத்து லயத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனோம். மனோரஞ்சிதம் அக்கா பழக்கதோஷத்தில் அரைக் கிளாஸ் நீட்டினார்.

"நெறைய ஊத்து" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விளிம்பு வரை ஊற்றினார். அண்ணன் கையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது, என்னால் குடிக்க முடியவில்லை. கிளாசைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, கை நடுங்குதுன்னு கடையில மொதல்ல சொன்னது நாந்தாண்ணே."

"வுடு தம்பி" என்றார் அவர். "நானே நம்பிட்டேனே."